ஆபரேஷனுக்குப் பிறகு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை: வாங்கப் போகும் முன் செய்ய வேண்டியவை

மருந்துக்கடை கவுன்டருக்கு உள்பக்கம் நின்று பதினெட்டு வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி நேராகக் கடைக்கு வருகிறவர்களைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். கக்கத்தில் எக்ஸ்ரே கவர், கையில் மடித்த டிஸ்சார்ஜ் சம்மரி, நாலு நாள் தூக்கம் கெட்ட முகம். சீட்டில் உள்ளதை எல்லாம் எடுத்து வைத்து பில் போடப் போகும்போது அந்தக் கேள்வி வரும். "அண்ணே, புண்ணு சீக்கிரம் ஆறணும், உடம்பு தேறணும். நல்ல சத்து மாத்திரையா ஒண்ணு போடுங்க. ஆன்டிஆக்சிடன்ட்னு சொல்றாங்களே, அது இருக்கா?"

போன மாதம் ஒரு தம்பி அப்படித்தான் வந்தார். அம்மாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது: தையலில் சீழ் பிடிக்கும் என்று பெரியம்மா சொன்னதால் எலுமிச்சை, ஆரஞ்சு, தக்காளி, முட்டை, மீன் எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. காலையில் இட்லி, மதியம் கஞ்சி, இரவும் இட்லி. அவர் கேட்டதோ ஆரஞ்சு வாசனை வரும் வைட்டமின் சி மாத்திரை. பழத்தில் வந்தால் சீழ், அட்டையில் வந்தால் சத்து! அவரை அனுப்பிவிட்டு யோசித்தபோதுதான் இதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. முதல் தடவையாக வீட்டில் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக, நான் கவுன்டரில் சொல்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஆன்டிஆக்சிடன்ட் என்றால் என்ன என்று இரண்டு வார்த்தை. வாழைக்காயை நறுக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடுகிறது அல்லவா? ஆக்சிஜன் செய்கிற வேலை அது. மோர் கலந்த தண்ணீரில் போட்டு வைத்தால் கறுப்பது குறைகிறது. நம் உடம்புக்குள்ளும் ஆக்சிஜனிலிருந்து பிறக்கிற சில துடுக்கான மூலக்கூறுகள் செல்களைத் தாக்கும். ஃப்ரீ ராடிக்கல் என்பார்கள். நோய், காயம், ஆபரேஷன் எல்லாம் அவற்றைக் கூட்டும். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின், லைகோபீன் போன்றவை அவற்றை அடக்கும். செலினியம், சிங்க் போன்ற தாதுக்கள் உடம்பிலேயே இருக்கும் தடுப்பு ஏற்பாட்டுக்குத் துணை நிற்கும். இவ்வளவுதான் விஷயம்.

ஆனால் பெட்டியில் எழுதாத ஒரு பாதி இருக்கிறது. வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்வதற்கு இதே துடுக்கு மூலக்கூறுகளைத்தான் ஆயுதமாக உற்பத்தி செய்கின்றன. அவற்றை உற்பத்தி செய்ய முடியாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு; அவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கடுமையான தொற்று வரும். காயம் ஆறுவதற்கான சமிக்ஞைகளில் சிலவும் இவற்றின் வழியாகவே போகின்றன. ஆகவே எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டால் நல்லது என்ற கணக்கு உடம்பில் செல்லாது.

படி 1: இருப்பதை எல்லாம் கட்டிலில் கொட்டுங்கள்

புதிதாக எதுவும் வாங்கும் முன் வீட்டில் இருக்கும் மருந்துப் பையைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்தது, பழைய சீட்டு மருந்து, பார்க்க வந்தவர்கள் வாங்கிவந்த டின், அத்தை கொடுத்த டானிக், எல்லாமும். நான் அடிக்கடி பார்க்கிற பட்டியல் இது: டாக்டர் எழுதிய பி காம்ப்ளெக்ஸில் ஏற்கெனவே வைட்டமின் சியும் சிங்க்கும் இருக்கும். யாரோ சொல்லி வாங்கிய லைகோபீன் சிரப்பில் மறுபடியும் சிங்க், செலினியம். புரத மாவு டின்னில் இருபதுக்கு மேல் வைட்டமினும் தாதுவும். ஜலதோஷத்துக்கு வாங்கிய கரையும் மாத்திரையில் 1000 மி.கி. வைட்டமின் சி. நாலும் ஒரே வேலையைச் செய்ய வந்தவை.

ஒரு தாளில் ஐந்து பெயர் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்: சி, ஈ, ஏ, சிங்க், செலினியம். ஒவ்வொரு லேபிளிலும் எவ்வளவு என்று பார்த்துக் கூட்டுங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மேல் வரம்பு என்று பொதுவாகச் சொல்வது வைட்டமின் சி 2000 மி.கி., வைட்டமின் ஈ 1000 மி.கி., வைட்டமின் ஏ 3000 மைக்ரோகிராம், சிங்க் 40 மி.கி., செலினியம் 400 மைக்ரோகிராம். இது "இதற்கு மேல் போகாதே" என்கிற கோடு. "இவ்வளவு சாப்பிடு" என்று யாரும் சொல்லவில்லை. நமக்குத் தேவையான அளவு இதைவிட மிகக் குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஆண்களுக்கு வைட்டமின் சி 80 மி.கி., பெண்களுக்கு 65 மி.கி.; சிங்க் ஆண்களுக்கு 17, பெண்களுக்கு 13.2 மி.கி.

சிங்க் லேபிளில் ஒரு சின்ன வில்லங்கம் உண்டு. சிங்க் சல்பேட் மோனோஹைட்ரேட் 55 மி.கி. என்று போட்டிருந்தால் அதில் உண்மையான சிங்க் 20 மி.கி.தான். மீதி எல்லாம் சல்பேட்டும் தண்ணீரும். "எலிமென்டல் சிங்க்" என்று பக்கத்தில் இருக்கும் எண்ணைத்தான் கூட்ட வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களில் பாதிப் பேர் எதுவும் வாங்காமல் திரும்பிப் போவார்கள். கடை முதலாளிக்கு இதைச் சொல்ல வேண்டாம்.

படி 2: தட்டைப் பாருங்கள்

இந்தப் படியில்தான் நிறைய வேலை இருக்கிறது.

வைட்டமின் சி இல்லாமல் காயம் ஆறாது என்பது மெய்தான். தோலையும் தசையையும் இழுத்துக் கட்டும் கொலாஜன் என்ற நார் முறுக்கேறுவதற்கு அது வேண்டும். பழைய காலக் கப்பல்களில் மாதக் கணக்கில் காய்கறி, பழம் இல்லாமல் போன மாலுமிகளுக்கு ஸ்கர்வி என்ற வைட்டமின் சி பற்றாக்குறை நோய் வந்தபோது, என்றோ ஆறிப்போன தழும்புகள்கூடத் திறந்துகொண்டன. 1939இல் ஜான் கிராண்டன் என்ற அமெரிக்க இளம் அறுவை மருத்துவர் இதைத் தன் உடம்பிலேயே சோதித்தார். பழமும் காய்கறியும் அடியோடு நிறுத்தினார். மூன்று மாதம் கழித்து முதுகில் ஒரு காயம் போடச் செய்து தைத்துக்கொண்டார். அது ஒழுங்காக ஆறியது. ஆறு மாதம் ஆனபோது இன்னொன்று. மேலே மூடியதுபோல இருந்தாலும் உள்ளே ஆறவே இல்லை. அப்புறம் வைட்டமின் சி ஏற்றியதும் ஆறத் தொடங்கியது.

இந்தச் சோதனையில் ஆறாவது மாதக் காயத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது மாதக் காயம். மூன்று மாதம் ஒரு பழம்கூடத் தொடாத மனிதருக்கும் காயம் ஆறியிருக்கிறது. அதாவது சத்து வற்றிப்போனால் ஆறாது. போதுமான அளவு இருந்தால் ஆறும். அதற்கு மேல் கொட்டினால் இரட்டை வேகத்தில் ஆறும் என்பதற்கு அதில் எதுவும் இல்லை. வைட்டமின் சி நாளொன்றுக்கு 200 மி.கி. வாக்கில் எடுத்தாலே இரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் விழுங்குவதில் பெரும் பங்கு கழிவறைக்குப் போகிறது.

சரி, அந்த 200 மி.கி. எங்கே கிடைக்கும்? ஒரு நடுத்தர அளவு கொய்யாவில். நூறு கிராம் கொய்யாவில் 200 மி.கி.க்குக் குறையாமல் இருக்கிறது. நெல்லிக்காயில் அதைவிட அதிகம். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்கள் பையில் போட்டுக் கொண்டுவரும் ஆப்பிளில் நூறு கிராமுக்கு 5 மி.கி. தேறினால் பெரிது. விலையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கொய்யாவைக் கடிக்க முடியாத பெரியவர்களுக்கு விதையை வழித்து எடுத்துவிட்டு மசித்துக் கொடுக்கலாம். நெல்லிக்காயைத் துருவி மோரில் கலக்கலாம். எலுமிச்சையை அடுப்பை அணைத்தபின் பிழியுங்கள். கொதித்தால் இந்த வைட்டமின் பாழாகும்.

புளிப்பு சாப்பிட்டால் தையல் சீழ் பிடிக்கும் என்ற பத்தியத்துக்கு ஆதாரம் கிடையாது. சீழ் கிருமியால் வருகிறது. முட்டையாலும் மீனாலும் வருவதில்லை. பெரியவர்களிடம் சண்டை போட வேண்டாம், டிஸ்சார்ஜ் அன்று டாக்டரிடம் அவர்கள் காதில் விழும்படி "முட்டை, எலுமிச்சை கொடுக்கலாமா சார்?" என்று கேட்டுவிடுங்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் வீட்டில் பிரச்சினை முடிந்தது. குடல், இரைப்பை ஆபரேஷன் என்றால் எப்போது எதைத் தொடங்குவது என்பதை அவர்தான் சொல்லவும் வேண்டும்.

வைட்டமினைவிடப் பெரிய குறை புரதத்தில் இருக்கும். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு எடையில் கிலோவுக்கு ஒன்றே காலிலிருந்து ஒன்றரை கிராம் வரை புரதம் வேண்டும் என்பது இன்றைய நடைமுறை. 60 கிலோ ஆள் என்றால் 75 முதல் 90 கிராம். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம். கஞ்சியும் இட்லியுமாகப் போனால் நாள் முழுக்கச் சாப்பிட்டாலும் பாதிகூட வராது. ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கிண்ணம் சுண்டலில் 10 கிராம் பக்கம். தயிர், பருப்பு, மீன், கோழி, பனீர் எது ஒத்துக்கொள்கிறதோ அதை மூன்று வேளைக்கும் பிரித்துப் போடுங்கள். கொலாஜன் என்பதே புரதம்தான். நூல் இல்லாமல் முறுக்குகிற ஆளை மட்டும் கூட்டிவந்து என்ன பயன்?

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. புரதம், கொய்யா, இளநீர் எல்லாமே அவர்களுக்கு அளவு பார்த்துத்தான். உணவு ஆலோசகரிடம் கேளுங்கள்.

காசநோயிலிருந்து தேறுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளிவந்த ரேஷன்ஸ் என்ற ஆய்வில் நோயாளிகளுக்கு மாதாமாதம் உணவுப் பை கொடுத்தார்கள்: ஒரு நாளைக்கு 1200 கலோரி, 52 கிராம் புரதம் வரும் அளவு. சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்களுக்கு இறப்பு ஆபத்து வெகுவாகக் குறைந்திருந்தது. அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் என்று நம் மளிகைக் கடைச் சரக்கு அது. கூடவே ஒரு சாதாரண மல்டிவைட்டமின் மாத்திரை. அரசு தரும் நிக்‌ஷய் போஷன் உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய். அதை டானிக்கில் கரைக்காமல் முட்டையும் பருப்பும் வாங்குங்கள்.

படி 3: இவர்கள் கேட்காமல் வாங்கக் கூடாது

இந்த இடத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். யாராவது திட்டினாலும் பரவாயில்லை.

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள். இதய வால்வு மாற்றியவர்கள் சாப்பிடும் அசிட்ரோம், வார்ஃபரின், ஸ்டென்ட் வைத்தவர்களின் க்ளோபிடோக்ரல், ஆஸ்பிரின். இவற்றோடு அதிக அளவு வைட்டமின் ஈ சேர்ந்தால் இரத்தக் கசிவு ஆபத்து ஏறும். பச்சை நிற எவியான் 400 கேப்சூலை முகத்துக்குத் தடவுகிற சாமான் என்று நினைத்து உள்ளுக்கும் போடுகிறவர்கள் நிறைய. அதில் வைட்டமின் ஈ 400 மி.கி.; ஒரு நாளைய தேவை 15 மி.கி.க்குள். மீன் எண்ணெய், பூண்டு, குர்குமின் (மஞ்சளில் உள்ள சாரம்) கேப்சூல்களும் இதே வரிசைதான். குழம்பில் போடும் மஞ்சளும் பூண்டும் பிரச்சினை இல்லை.

புற்றுநோய்க்குக் கீமோ, கதிர்வீச்சு எடுப்பவர்கள். அந்தச் சிகிச்சைகளில் பலவும் புற்றுச் செல்களை ஃப்ரீ ராடிக்கலால்தான் கொல்கின்றன. நாம் வீட்டிலிருந்து தடுப்பு மருந்து கொடுத்தால் அது நல்ல செல், கெட்ட செல் பார்த்துக் காப்பாற்றாது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சின்போது வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்த கனடா ஆய்வில் பக்கவிளைவுக்குப் பலன் கிடைக்கவில்லை. நோய் திரும்புவது பற்றிய கவலைதான் மிஞ்சியது. மார்பகப் புற்றுநோய்க் கீமோவின்போது சத்து மாத்திரை சாப்பிட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வும் எச்சரிக்கையாகவே பேசுகிறது. சாப்பாட்டில் வரும் பழம், கீரைக்கு இந்தத் தடை இல்லை. மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதைப் புற்றுநோய் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள். இவர்கள் பீட்டா கரோட்டின் இருக்கும் ஆன்டிஆக்சிடன்ட் கேப்சூலைத் தொடவே வேண்டாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 1994இல் வெளிவந்தது. தினம் 20 மி.கி. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 18 சதவீதம் கூடியது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வையும் இதே காரணத்தால் 1996இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். கேரட் சாப்பிடலாம், பயம் வேண்டாம்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள். அதிக வைட்டமின் சி உடம்பில் ஆக்சலேட்டாக மாறும். கல்லில் பெரும்பாலானவை அதுதான்.

அடுத்த மாதம் இன்னொரு ஆபரேஷன் இருக்கிறவர்கள். வைட்டமின் ஈ, மீன் எண்ணெய், பூண்டு, ஜின்கோ, ஜின்செங் கேப்சூல்களை ஒன்றிரண்டு வாரம் முன்னதாகவே நிறுத்தச் சொல்வது வழக்கம். மயக்க மருந்து டாக்டர் "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்கும்போது "சுகர் மாத்திரை மட்டும்" என்று சொல்லிவிட்டு இவற்றை மறைத்துவிடுகிறோம். நம் ஊரில் சத்து மாத்திரை மாத்திரைக் கணக்கில் வருவதில்லை.

தலசீமியா போல உடம்பில் இரும்பு சேரும் நோய் உள்ளவர்களும் ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகள் பட்டால் சிவப்பணுக்கள் உடையும் பரம்பரைக் குறை) உள்ளவர்களும் அதிக அளவு வைட்டமின் சிக்கு முன் கேட்க வேண்டும். கர்ப்பிணிகள் வைட்டமின் ஏ பக்கமே தானாகப் போகக் கூடாது.

படி 4: எது உண்மையில் உதவும் என்று பிரித்துப் பாருங்கள்

வீட்டுச் சாப்பாடு சரியாக இறங்காத நிலைமை உண்டு. பல் இல்லாத பெரியவர், வாய்ப்புண்ணோடு இருப்பவர், இரைப்பையை வெட்டி எடுத்தவர், குடிப்பழக்கத்தால் சாப்பாடே குறைந்தவர், மாதக் கணக்கில் படுக்கையில் இருப்பவர். இவர்களுக்குச் சாதாரண மல்டிவைட்டமின் ஒன்று, தினமும் ஒரு மாத்திரை, சில வாரங்களுக்கு. இது நியாயமான செலவு. விலை அதிகமான "பவர்", "ஃபோர்ட்", "கோல்டு" தேவையில்லை. மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தமிழகம் முழுக்கத் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் குறைந்த விலையில் கேட்டுப் பாருங்கள்.

டாக்டர்களே குறிப்பாக எழுதுகிற சில இடங்களும் உண்டு. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். கூட சிங்க்: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., அதற்குக் கீழ் 10 மி.கி., பத்து முதல் பதினான்கு நாள். போக்கு நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கூடாது, நாள் கணக்கு முடியும்வரை கொடுங்கள். தட்டம்மை வந்த குழந்தைக்கு வைட்டமின் ஏ இரண்டு நாள், மருத்துவமனையில் கொடுப்பார்கள். மணிக்கட்டு எலும்பு முறிந்தவர்களுக்குச் சில எலும்பு மருத்துவர்கள் தினம் 500 மி.கி. வைட்டமின் சி ஐம்பது நாள் எழுதுவார்கள். கட்டுப் பிரித்த பிறகும் கை வீங்கி எரிச்சலாக இருக்கும் ஒரு தொல்லையை அது குறைத்ததாக நெதர்லாந்து ஆய்வுகள் சொன்னன. பின்னால் வந்த ஆய்வுகளில் சில அதை ஒத்துக்கொள்ளவில்லை. சீட்டில் இருந்தால் சாப்பிடுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

மற்றபடி அதிக டோஸ் என்ற ஆசைக்குக் கிடைத்த பதில்கள் நல்லதாக இல்லை. கொரோனா நாட்களில் லிம்சி என்ற வைட்டமின் சி மாத்திரையும் ஜின்கோவிட் என்ற சத்து மாத்திரையும் கடையில் வந்து இறங்குவதற்கு முன்பே தீர்ந்துபோன காலம் நினைவிருக்கும். நானும் விற்றேன், நானும் சாப்பிட்டேன். 2021இல் அமெரிக்காவில் சிங்க் 50 மி.கி., வைட்டமின் சி 8000 மி.கி. என்று கொடுத்துப் பார்த்ததில் கொரோனா அறிகுறிகள் குறிப்பிடும்படி சீக்கிரம் போகவில்லை. செப்சிஸ் (தொற்றால் உறுப்புகளே பழுதாகும் நிலை) வந்து ஐ.சி.யு.வில் இருந்தவர்களுக்கு நரம்பு வழியாக வைட்டமின் சி ஏற்றிய 2022 ஆய்வில், இறப்பு அல்லது உறுப்புச் செயலிழப்பு மருந்து பெற்றவர்களில் 44.5 சதவீதம், பெறாதவர்களில் 38.5 சதவீதம். ஏற்றாதவர்களே தேவலை.

பிசியோதெரபி செய்கிறவர்கள் கவனிக்க ஒன்று. 2009இல் ஜெர்மனியில், உடற்பயிற்சி செய்யும் இளைஞர்களுக்குத் தினம் 1000 மி.கி. வைட்டமின் சியும் 400 யூனிட் வைட்டமின் ஈயும் கொடுத்தபோது, பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும் பலன் அவர்களுக்குக் கிடைக்காமல் போனது. பயிற்சியில் கிளம்பும் ஃப்ரீ ராடிக்கல்தான் தசைக்கு "தயாராகு" என்று சொல்கிற ஆள். அவன் வாயை மாத்திரை பொத்திவிட்டது.

குர்குமினோடு மிளகுச் சாறு சேர்த்து "இருபது மடங்கு உறிஞ்சும்" என்று வரும் கேப்சூல்களால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு. மஞ்சள் காமாலையிலிருந்து தேறுகிறவர்களுக்கு அதை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

படி 5: பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் விஷயம். உணவு வகையில் வரும் சத்து மாத்திரை என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கும். "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதே பெட்டியை நீட்டி "இது காயத்தை ஆற்றும்" என்று ஒருவர் விற்றால் அவர் சொல்வதை நம்புவதா, பெட்டி சொல்வதை நம்புவதா? மருந்தாகப் பதிவானது என்றால் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கும்.

"ப்ரொப்ரைட்டரி பிளெண்ட்" (கம்பெனியின் சொந்தக் கலவை) என்று போட்டு மொத்தமாக 500 மி.கி. என்று மட்டும் சொல்கிற டப்பாவை வைத்துவிடுங்கள். எது எவ்வளவு என்று தெரியாமல் படி 1இல் சொன்ன கணக்கைப் போட முடியாது.

படி 6: எதோடு, எப்போது

சிங்க்கை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சாப்பாட்டுக்குப் பிறகு. வைட்டமின் ஈ கொழுப்பில் கரைவது, அதுவும் சாப்பாட்டோடுதான். இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் நன்றாக உறிஞ்சும். டீ, காபியோடு வேண்டாம்.

சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்கோடு சிங்க், இரும்பு, கால்சியம் சேர்ந்தால் ஆன்டிபயாடிக் உடம்பில் ஏறாது. ஆன்டிபயாடிக் போட்டு இரண்டு மணி நேரமாவது கழித்துச் சத்து மாத்திரை. வேளைக் கணக்கு குழம்புகிறது என்றால், டாக்டரிடம் கேட்டுவிட்டு அந்த ஐந்து நாளும் சத்து மாத்திரையை ஓரமாக வைத்துவிடுவது சுலபம். தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி.

சப்பும் வைட்டமின் சி மாத்திரை அமிலம். வாயில் வைத்து மிட்டாய் மாதிரி ஊறவிட்டால் பல் கூசும். மென்று விழுங்கி, வாயைக் கொப்பளித்துவிடுங்கள்.

மறுநாள் காலையில் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகும். பயந்துபோய் போன் செய்வார்கள். பி2 வைட்டமின் வெளியேறுகிற நிறம் அது, ஒன்றும் இல்லை. இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பதும் சகஜம். ஆனால் வலி மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தார் மாதிரி பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு கறுத்துப் போனால் அது வயிற்றில் இரத்தக் கசிவாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி.

இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது என்னென்ன சத்து மாத்திரை சாப்பிடுகிறார் என்று லேபில் சொல்லுங்கள். முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின் தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையையும் தப்பாகக் காட்ட வைக்கும். அதிக அளவு வைட்டமின் சி சில குளுக்கோமீட்டர்களை ஏமாற்றும். சர்க்கரை இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டி, அதை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டுவிட்டால் ஆபத்து.

படி 7: நிறுத்தும் தேதியை அட்டையில் எழுதுங்கள்

வாங்கிய அன்றே மார்க்கர் பேனாவால் அட்டையின் பின்பக்கம் ஒரு தேதி எழுதிவிடுங்கள். சீட்டில் நாள் போட்டிருந்தால் அந்த நாள். இல்லையென்றால் அடுத்த செக்கப் தேதி. ஆபரேஷன் முடிந்து மூன்று வருடமாகியும் தினம் சிங்க் மாத்திரை வாங்கிப் போகிறவர்களை எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால் "அப்ப டாக்டர் எழுதினார்" என்பார்கள். அதிக சிங்க் மாதக் கணக்கில் போனால் உடம்பில் செம்புச் சத்து குறையும். இரத்தசோகையும் கால் மரத்துப்போவதும் அப்படியும் வரும். செலினியம் கூடினால் முடி கொட்டும், நகம் உடையும்.

நடுவில் தையல் சிவந்து சூடாக இருந்தால், சீழோ நாற்றமோ வந்தால், காய்ச்சல் அடித்தால், வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால் கடைக்கு வராதீர்கள், ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்கள். இரண்டு வாரமாகியும் புண் அப்படியே இருக்கிறது, வேறு சத்து மாத்திரை கொடுங்கள் என்று கேட்டு வருகிறவரிடம் நான் திருப்பிக் கேட்பது: சுகர் எவ்வளவு? ஹீமோகுளோபின் பார்த்தீர்களா? புகை நிறுத்தியாச்சா? பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் ஆள் மாட்டிக்கொள்வார்.

அந்தத் தம்பிக்கு என்ன கொடுத்தேன் என்று கேட்பீர்கள். டாக்டர் எழுதிய பி காம்ப்ளெக்ஸில் சியும் சிங்க்கும் இருப்பதைக் காட்டினேன். எதிரே தள்ளுவண்டியில் கொய்யா இருந்தது, அதையும் காட்டினேன். ஆனாலும் வெறுங்கையோடு போக மனசு வரவில்லை அவருக்கு. ஒரு அட்டை வைட்டமின் சி வாங்கித்தான் போனார். அப்படி வாங்குவதாக இருந்தால் ஒரே ஒரு அட்டையாக வாங்குங்கள், பில்லைக் கேட்டு வாங்குங்கள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பிரிக்காத அட்டையைப் பில்லோடு கொண்டுவந்தால் பல கடைகளில் திருப்பி எடுத்துக்கொள்வோம். பேட்ச் எண் இருக்கும் ஓரத்தை வெட்டிவிட்டால் எடுக்க முடியாது. மாத்திரையை அந்த ஓரத்துக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து பிரித்துக்கொண்டே வாருங்கள், தேதியும் கடைசிவரை கண்ணில் படும்.